அணிலிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

 



ஷஅபான் பாதி கடந்துவிட்டது. நோன்பின் சட்டங்கள், தராவீஹ், ஜகாத் கணக்கு இவற்றையெல்லாம் அடுத்தடுத்த வாரங்களில் பேசுவோம், இன்ஷா அல்லாஹ். இன்று நான் ஒரு அணிலைப் பற்றிப் பேசப் போகிறேன். மிம்பரில் நின்று அணிலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். சென்ற வருடம் இதே நாட்களில் நம் பள்ளிவாசலில் என் கையால் ஒரு காரியம் நடந்தது. மோதினாருக்கும் மக்தப் பிள்ளைகள் சிலருக்கும் தெரியும். உங்களிடம் நான் சொன்னதில்லை. பிறருக்கு உபதேசம் செய்கிறவன் தன் தவறை மட்டும் மறைத்து வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் சொல்கிறேன்.

நோன்புக் கஞ்சிக்காக அரசு தரும் பச்சரிசி மூட்டைகளை ஹவுளுக்குப் பக்கத்து அறையில்தான் அடுக்குவோம். அரிசி வந்த மறுநாளே எலி வந்துவிடும். சென்ற வருடம் மூன்று மூட்டைகளைக் கடித்து ஓட்டை போட்டுவிட்டன. மோதினார் எலி மருந்து வைக்கலாம் என்றார். அரிசி இருக்கும் இடத்தில் விஷமா, நோன்பாளிகள் குடிக்கிற கஞ்சியாயிற்றே என்று நான் தடுத்துவிட்டேன். கடைத்தெருவில் விற்கிற பசை அட்டையை நானே வாங்கி வந்தேன். விஷம் இல்லை, ரத்தம் இல்லை, சுத்தமான வழி என்று நினைத்தேன். இரவு இஷாவுக்குப் பிறகு விரித்து வைப்போம். ஃபஜ்ருக்கு வரும்போது எலி ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று இரவுகளில் மூன்று எலிகள். அட்டையோடு சேர்த்து மடித்துக் குப்பையில் போட்டோம். உயிர் இருந்ததா என்று பார்க்கவில்லை. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

நான்காவது நாள் காலையில் அட்டையை எடுக்க மறந்துவிட்டேன். பக்கத்து ஊரில் ஒரு ஜனாஸா. ஃபஜ்ர் முடிந்ததும் கிளம்பியவன் அஸருக்குத்தான் திரும்பினேன். எலி இரவில் நடமாடும். அணில் பகலில் நடமாடும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அன்று அது என் புத்தியில் இல்லை. மேலே வென்டிலேட்டர் வழியாக அணில்கள் அந்த அறைக்குள் வந்து போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கிழிந்த கோரைப் பாயின் நாரை வாயில் கவ்விக்கொண்டு ஓடும். பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

மக்தப் பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். ஒரு பக்க விலாவும், வாலும், முகத்தின் ஒரு பாதியும் பசையில் ஒட்டியிருந்தன. கத்திக் கத்திக் குரல் தேய்ந்து, வாய் திறந்தால் காற்று மட்டும் வந்தது. எத்தனை மணி நேரம் அப்படிக் கிடந்ததோ, அல்லாஹ்வே அறிவான். தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவி அரை மணி நேரத்தில் பிரித்தெடுத்தோம். மயிர் அட்டையோடு போய்விட்டது. அட்டைப் பெட்டியில் துணி விரித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்தோம். மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்கு முன்பே அது அடங்கிவிட்டது. பள்ளிக்கு எதிர்வீட்டு நன்னி ஒருவர் வந்து பார்த்து, அதன் வயிற்றைத் திருப்பிக் காட்டி, “இது பால் குடுக்குற தாயாச்சே ஹஜ்ரத்” என்றார்.

அதற்குப் பிறகுதான் மேலே கேட்ட சத்தம் எங்களுக்குப் புரிந்தது. கூரைக்கும் அலங்காரத் தட்டிக்கும் நடுவே எங்கேயோ மெல்லிய கீச்சுச் சத்தம். ஏணி போட்டு, டார்ச் அடித்து, மின்விசிறிக் கொக்கிப் பக்கம், ஒயர் போகிற பொந்துப் பக்கம் எல்லாம் தேடினோம். கூடு கிடைக்கவில்லை. தட்டியை உடைக்கலாமா என்று கேட்டேன். போன வருடம்தான் செலவு செய்து போட்டது என்றார்கள். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மறுநாள் லுஹரில் சுன்னத் தொழும்போது கேட்டது. மூன்றாம் நாள் ஃபஜ்ரில் கேட்கவில்லை.

தாய் அணிலை மையவாடியின் ஓரத்தில் வேப்ப மரத்தடியில் பிள்ளைகள் புதைத்தார்கள். சிலர் அழுதார்கள். ஒன்பது, பத்து வயதுப் பையன் ஒருவன், எப்போதும் பின்வரிசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பவன், என் பக்கத்தில் வந்து கேட்டான்: “ஹஜ்ரத், அணில் செத்ததுக்கு எல்லாரும் அழறோம். அதே அட்டையிலதானே மூணு எலியும் செத்துச்சு. அதுக்கு ஏன் யாரும் அழல?”

“நாளைக்குச் சொல்றேன் தம்பி” என்று அனுப்பிவிட்டேன். ஏழு வருடம் ஓதிப் பட்டம் வாங்கியவனுக்கு அன்று பதில் இல்லை. இந்த ஒரு வருடம் அந்தக் கேள்வி என்னோடுதான் இருந்தது.

சகோதரர்களே! முதலில் அணிலை நாம் என்னவாகப் பார்க்கிறோம்? நம் வீடுகளில் திரிகிற மூன்று வரி அணில் நூறு கிராம் எடை சுமாருக்குத்தான் இருக்கும். பழம், விதை, பூச்சி, சில நேரம் பறவை முட்டை, எது கிடைத்தாலும் தின்னும். அதன் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்க்காவிட்டால் அவை நீண்டு, வாயை மூட முடியாமல் போய்விடும். நம் ஒயரைக் கடிப்பதும், கதவு நிலையைக் கொறிப்பதும் நம் மீதுள்ள பகையால் அல்ல. அதன் உடம்பைப் படைத்தவன் அப்படிப் படைத்திருக்கிறான். ஒரு ஈற்றில் இரண்டு, மூன்று குட்டிகள். பிறக்கும்போது கண் திறந்திருக்காது, மேலில் மயிர் இருக்காது. வாரக்கணக்கில் தாயை நம்பித்தான் உயிர். பூனையோ பாம்போ வந்தால் வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு அது போடுகிற கூச்சல் நம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அந்தக் கூச்சல் கேட்டால் என் மனைவி, கொல்லையில் பாம்பு இருக்கிறதா பார் என்று பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்வார். சம்பளம் வாங்காத காவல்காரன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அணில் விதைகளைப் புதைத்து வைத்து, இடத்தை மறந்துவிடுகிறது, அதனால்தான் காடுகளே உண்டாகின்றன என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சில பயான்களிலும் வருகிறது. அது குளிர் நாடுகளில், பனிக்காலத்துக்காக ஓக் மரக் கொட்டைகளைப் புதைத்து வைக்கிற அணில்களின் கதை. நம் ஊர் அணிலுக்குப் பனிக்காலமும் இல்லை, அப்படிச் சேர்த்து வைக்கிற அவசியமும் இல்லை. இங்கே அது பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வேறொரு இடத்தில் தின்று விதையைப் போட்டுவிட்டுப் போகும். பூவில் தேன் குடிக்கும்போது மகரந்தத்தை முகத்தில் அப்பிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். அது போதும். அல்லாஹ்வின் படைப்பைப் புகழ நமக்குப் பொய்யான செய்தி தேவையில்லை.

ஆனால் அணில் நமக்கு என்ன பயன் தருகிறது என்று பட்டியல் போடுவது சரியான தொடக்கமா என்பதே எனக்குச் சந்தேகம். பயன் இருந்தால்தான் உரிமை என்றால், பயன் இல்லாததை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடும். பூனையைக் கட்டி வைத்த பெண்ணின் ஹதீஸ் நமக்கெல்லாம் தெரியும். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அந்தப் பூனை எலி பிடித்ததா, வீட்டுக்கு உபகாரமாக இருந்ததா என்று எந்த அறிவிப்பிலும் இல்லை. ஹிஜ்ரி 660-ல் வஃபாத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் தம் ‘கவாஇதுல் அஹ்காம்’ நூலில், மனிதன் மீது கால்நடைகளுக்கு உள்ள ஹக்குகளை வரிசையாகச் சொல்கிறார்கள். அவற்றில் ஒன்று, கிழடாகி, நோயாகி, எந்தப் பயனும் இல்லாமல் போனாலும் அதற்குத் தீனி போட வேண்டும் என்பது. பயனோடு அந்த ஹக்கை அவர்கள் முடிச்சுப் போடவில்லை. அல்அன்ஆம் சூராவின் 38-வது வசனம், பூமியில் திரிகிற உயிர்களையும் சிறகடித்துப் பறப்பவற்றையும் நம்மைப் போன்ற சமுதாயங்கள் என்றே நமக்கு அறிமுகப்படுத்துகிறது. நமக்காக அவை என்ன செய்கின்றன என்பது அந்த வசனத்தில் இல்லை. அவையும் தம் இரட்சகனிடமே ஒன்று சேர்க்கப்படும் என்று அது முடிகிறது.

கிதாபுகளில் அணிலைத் தேடினால் ஒரு சுவாரஸ்யம் கிடைக்கும். அரபியில் அதற்கு ‘சின்ஜாப்’ என்று பெயர். ஹிஜ்ரி 808-ல் வஃபாத்தான இமாம் தமீரி (ரஹ்) அவர்களின் ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலில் அதற்குத் தனித் தலைப்பே உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் அதை உண்ண ஆகுமானவற்றில் சேர்க்கின்றன. ஆனால் ஃபிக்ஹ் நூல்களில் சின்ஜாபின் பெயர் பெரும்பாலும் அடிபடுவது அதன் தோலைப் பற்றித்தான். வடக்கே குளிர்ப் பிரதேசங்களிலிருந்து வந்த அணில் தோல் மேலங்கியை அணிந்து தொழலாமா, பதனிட்டால் தோலோடு மயிரும் சுத்தமாகுமா என்பது பெரிய விவாதம். அந்த உலமாக்கள் அணிலை ஒரு மேலங்கியாகத்தான் அறிந்திருந்தார்கள். நமக்கோ அது பக்கத்து வீட்டுக்காரன். அண்டை வீட்டுக்காரரின் ஹக்கு மனிதர்களுக்கானது, அதை அப்படியே அணிலுக்குப் பொருத்துவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே கூரையின் கீழ் வாழ்கிறோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன்.

எலிக்கு அழாமல் அணிலுக்கு அழுதது ஏன்? அணில் அழகு, எலி அருவருப்பு. வேறென்ன? சிறு வயதில் எங்கள் தெருவில் ஓணானைக் கண்டால் கல்லெறிவோம், அணிலை விட்டுவிடுவோம். ஓணான் மீது ஏதோ ஒரு கதை கட்டியிருந்தார்கள். அணிலின் முதுகில் உள்ள கோடுகளுக்கு நம் சகோதர சமயத்தார் ஒரு நல்ல கதை சொல்வார்கள். கதை நல்லதாக அமைந்த பிராணி பிழைத்தது, கெட்டதாக அமைந்தது கல்லடி பட்டது. நம் இரக்கத்தில் பெரும்பகுதி கண்ணுக்குப் பிடித்ததன் மீதான இரக்கம்தான். அதற்கு ரஹ்மத் என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

சிலர் கேட்கலாம்: “எலியைக் கொல்ல மார்க்கத்தில் அனுமதி இருக்கிறதே ஹஜ்ரத்?” இருக்கிறது. இஹ்ராமில் இருப்பவர்கூடக் கொல்லலாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஐந்தில் எலியும் ஒன்று. அரிசியைக் காக்க எலியைக் கொன்றது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொல்ல அனுமதி இருப்பது வேறு, எப்படி வேண்டுமானாலும் கொல்ல அனுமதி இருப்பது வேறு. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவித்து முஸ்லிமில் வருகிற ஹதீஸில், எல்லாவற்றிலும் அழகிய முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு, கொல்வதிலும் அறுப்பதிலும்கூட அதைப் பேண வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்குச் சிரமத்தைக் குறைக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். உயிரினத்தைக் கட்டி நிறுத்தி வைத்து, அது சாகும் வரை அம்பெய்வதைத் தடுத்தார்கள். பறவையை அப்படிக் கட்டி வைத்துக் குறி பார்த்த குறைஷி இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த செய்தியும் உண்டு.

பசை அட்டை என்ன செய்கிறது? கொல்வதில்லை. பிடித்து வைக்கிறது. பசியாலும், தாகத்தாலும், பயத்தாலும், தன்னைத் தானே பிய்த்துக்கொண்டும் அது சாகும் வரை பிடித்து வைக்கிறது. அம்பு எய்யாத கட்டி வைத்தல். அந்தப் பூனைக்கு நேர்ந்ததும் இதுதானே! நான் எலிக்குச் செய்தது ஆகுமானது, அணிலுக்குச் செய்தது மட்டும் தவறு என்று ஒரு வருடம் முன்பு நினைத்திருப்பேன். இன்று அப்படி நினைக்கவில்லை. எலியைக் கொல்ல எனக்கு அனுமதி இருந்தது. அந்த அனுமதியை நான் பயன்படுத்திய விதத்தில் முதல் இரவிலேயே தவறிவிட்டேன். நான்காம் நாள் அணில் வந்து மாட்டியதால்தான் என் கண்ணில் பட்டது. அணில் வராமல் இருந்திருந்தால் ரமளான் முழுக்க அட்டை விரித்துக்கொண்டே, மிம்பரில் ஏறி ரஹ்மத்தைப் பற்றிப் பேசிக்கொண்டும் இருந்திருப்பேன்.

நம் நாட்டு விலங்குகள் நல வாரியம் இந்தப் பசை அட்டைகளுக்கு எதிராக மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. இங்கிலாந்தில் 2022-ல் சட்டம் இயற்றி, 2024 ஜூலை 31 முதல் பொதுமக்கள் இதைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கிவிட்டார்கள். 1400 வருடங்களுக்கு முன்பே நம் மார்க்கம் சொல்லிவிட்டது என்று இந்த இடத்தில் பெருமையாகப் பேசுவது வழக்கம். எனக்கு வாய் வரவில்லை. ஹதீஸ் கிதாபில் இருந்தது. என் கையில் பசை அட்டை இருந்தது.

இன்னொரு சமாதானமும் எனக்குச் சொல்லப்பட்டது. ஜமாஅத் பெரியவர் ஒருவர், நல்ல மனிதர், என் முகம் வாடியிருந்ததைப் பார்த்து, “ஹஜ்ரத், நீங்க நிய்யத் வச்சது எலிக்கு. அணிலுக்கு வைக்கலையே. அமல்கள் எல்லாம் நிய்யத்தைக் கொண்டுதானே?” என்றார். அன்று அது மனதுக்கு இதமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் நிற்கவில்லை. நான் தவறுதலாக ஒருவருடைய ஆட்டின் மீது வண்டியை ஏற்றிவிட்டால், நிய்யத் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா? ஆட்டின் விலையைக் கொடுத்தாக வேண்டும். மனிதனைத் தவறுதலாகக் கொன்றவருக்கும் தியத்தும் கஃப்பாராவும் உண்டு என்று அந்நிஸா சூராவின் 92-வது வசனம் விதிக்கிறது. தவறுதல் பாவத்தை இறக்கும், பொறுப்பை இறக்காது. அதோடு, என்னுடையது தவறுதல்தானா? பூனையைக் கட்டிய பெண் அதை அடித்ததாக ஹதீஸில் இல்லை. தீனி போடவில்லை, அவிழ்த்தும் விடவில்லை, அவ்வளவுதான். செய்ததை விட, செய்யாமல் விட்டதுதான் அவளைப் பிடித்தது. நான் அட்டையை எடுக்காமல் விட்டேன். கூரைத் தட்டியை உடைக்காமல் விட்டேன். முதலாவதை மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதை அப்படிச் சொல்ல முடியாது. அன்று என்னிடம் ஒரு சுத்தியல் இருந்தது, சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது, தட்டியின் விலையும் தெரிந்திருந்தது.

சரி, இனி என்ன செய்வது? இங்கேதான் என்னை இன்றுவரை விடாத கேள்வி இருக்கிறது. தவ்பாவின் நிபந்தனைகளை நாம் சிறு பிராயத்திலேயே ஓதியிருக்கிறோம். பாவத்தை விட வேண்டும், வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். அடியானின் ஹக்கு சம்பந்தப்பட்டதாக இருந்தால் நான்காவதாக, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லது அவரிடம் ஹலாலாக்கிக்கொள்ள வேண்டும். மனிதனாக இருந்தால் வீட்டு வாசலில் போய் நின்று, “பாய், மன்னிச்சிடுங்க” என்று கேட்கலாம். அவர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் கேட்கலாம். அணிலிடம் எப்படிக் கேட்பது? அதன் வாரிசுகளும் கூரைக்குள் முடிந்துபோனார்கள்.

கொம்புள்ள ஆட்டிடமிருந்து கொம்பில்லாத ஆட்டுக்கு மறுமையில் நீதி வாங்கிக் கொடுக்கப்படும் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. பிராணிகள் கட்டளைக்கு உட்பட்டவை அல்ல, அல்லாஹ்வின் நீதியின் முழுமையைக் காட்டவே அது என்று உலமாக்கள் விளக்கம் தருகிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டளை இல்லாத ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவிலேயே கணக்கு தீர்க்கப்படும் என்றால், கட்டளை உள்ள எனக்கும் அந்த அணிலுக்கும் நடுவில் கணக்கு இல்லாமலா போகும்? நியாயமில்லாமல் ஒரு சிட்டுக்குருவியைக் கொன்றவனும் அதைப் பற்றி விசாரிக்கப்படுவான் என்று நஸாயீயில் வருகிறது. அதன் உரிமை என்னவென்று கேட்கப்பட்டபோது, உண்பதற்காக முறையாக அறுப்பதே, தலையை வெட்டி எறிந்துவிடுவதல்ல என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள்.

இது ஃபத்வா அல்ல, என் மனதில் பட்டது. மன்னிக்கக் கூடியவர் இல்லாதபோது, அந்தக் கணக்கு அல்லாஹ்விடமே நேராகப் போய்விடுகிறது. இது லேசானது அல்ல, கனமானது. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால் அவர் மன்னித்தாரா இல்லையா என்று முகத்தில் தெரியும். இங்கே எதுவும் தெரியாது. இஸ்திஃபார் செய்கிறேன். ஆனாலும் நாய்க்குத் தண்ணீர் கொடுத்த மனிதரின் ஹதீஸ் எனக்கு ஒரு ஆறுதல். கிணற்றில் இறங்கி, காலுறையில் தண்ணீர் மொண்டு, வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்து கொடுத்தார். அல்லாஹ் அவரை மன்னித்தான். கால்நடைகளிலும் நமக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் ஆச்சரியப்பட்டுக் கேட்டபோது, ஈரமுள்ள ஈரல் கொண்ட ஒவ்வொன்றிலும் உண்டு என்று பதில் வந்தது. ஒரு பிராணியின் விஷயத்தில் பிடிபட்டவளும் இருக்கிறாள், ஒரு பிராணியின் விஷயத்தில் மன்னிக்கப்பட்டவரும் இருக்கிறார். அந்த அணிலுக்கு நான் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. அதன் இனத்துக்கு முடியும்.

இதையெல்லாம் போன மாதம் நம் ஜமாஅத்தில் கொய்யாத் தோப்பு குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒரு சகோதரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஹஜ்ரத், உங்களுக்கு மாசமானா சம்பளம் வருது. எனக்குக் காய் வந்தாத்தான் காசு. பழுக்கிற நேரத்துல பத்துக்கு மூணைக் கடிச்சுப் போட்டுடுது. முழுசாத் தின்னாலும் பரவாயில்ல, ஒரு கடி கடிச்சுட்டு அடுத்த காய்க்குப் போயிடுது. நான் என்ன செய்ய?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பள்ளிவாசல் அணில் வேறு, தோப்பு அணில் வேறு. ரஹ்மத்தைப் பற்றிப் பேசுவது நஷ்டப்படாதவனுக்கு எளிது.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ, பறவையோ, பிராணியோ தின்றால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற ஹதீஸை அவருக்குச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த ஹதீஸ், தோப்பைத் திறந்துவிட்டுக் கடனாளி ஆகு என்று சொல்லவில்லை. நம்மை மீறிப் போனதற்கும் கூலி வீணாகாது என்று சொல்கிறது. காப்பாற்றிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. ஃபிக்ஹில் ‘ஸாஇல்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. மனிதனோ பிராணியோ நம் உயிர் மீதோ பொருள் மீதோ பாய்ந்தால் எப்படித் தடுப்பது என்பது பற்றியது. லேசானதில் தொடங்கு, அது போதவில்லை என்றால் அடுத்ததற்குப் போ என்பதே அதன் அடிப்படை. சத்தத்தால் விலகுமானால் கை கூடாது, கையால் விலகுமானால் தடி கூடாது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதல் அடியே விஷம் கலந்த தானியம்தான். அந்தத் தானியத்தை அணில் மட்டுமா தின்னும்? விஷம் தின்று தள்ளாடுகிற எலியைப் பிடித்துத் தின்கிற ஆந்தையும் சாகும். எலியைக் கட்டுக்குள் வைத்திருந்ததே அந்த ஆந்தைதான். எறும்பு கடித்ததற்காகப் புற்றையே எரித்த முந்தைய நபி ஒருவரின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. கடித்தது ஒன்று, அழிந்ததோ தஸ்பீஹ் செய்துகொண்டிருந்த ஒரு சமுதாயம் என்று அல்லாஹ் அவருக்கு உணர்த்தினான்.

மாதுளை விவசாயிகள் செய்வதைப் போல காய்க்கு உறை போடலாம், தென்னைக்குச் செய்வதைப் போல தனித்து நிற்கிற மரங்களின் அடியில் தகரம் சுற்றலாம், வலை போடலாம் என்று பேசினோம். செலவு ஆகும்தான். மரத்தின் உச்சிக் காய்களுக்கு உறை போடாமல் விட்டுவிடுங்கள், அது அணிலுக்கும் கிளிக்கும் போகட்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். “எட்டாத காயை தர்மம் பண்றது பெரிய விஷயமா ஹஜ்ரத்?” என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விட்டிருக்கிறார். ஓரத்தில் எட்டுகிற மரம் ஒன்றையும் சேர்த்தே விட்டிருக்கிறார் என்று அவர் மகன் சொன்னான்.

பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. கூட்டிலிருந்து விழுந்த அணில் குட்டியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து மாட்டுப்பால் ஊற்றாதீர்கள். பெரும்பாலும் செத்துப்போகும். ஒரு கூடையிலோ தேங்காய் மூடியிலோ பஞ்சு வைத்து, விழுந்த மரத்திலேயே பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டுத் தள்ளிப் போங்கள். தாய் தேடி வந்து வாயில் கவ்விக்கொண்டு போகும். ஸஹாபாக்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு வந்துவிட, தாய்ப் பறவை தலைக்கு மேல் சிறகடித்துத் தவித்தது. அதைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியது யார் என்று விசாரித்து, திருப்பி வைக்கச் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. குஞ்சுகளை நீங்களே நன்றாக வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை, தாயிடம் கொடுக்கச் சொன்னார்கள்.

பின்வரிசைத் தம்பிக்குப் பதில் சொன்னேனா என்று கேட்பீர்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். நீ கேட்டது சரி, எலிக்கும் நான் அநியாயம் செய்துவிட்டேன் என்றேன். “அப்போ எலிய என்ன செய்யப் போறீங்க ஹஜ்ரத்?” என்று உடனே அடுத்த கேள்வி. கூண்டுப் பொறி வாங்கினோம். ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் திறந்து பார்ப்பது என்று ஏற்பாடு. பகலில் அணில் மாட்டினால் அடுத்த வேளைக்குள் வெளியே போய்விடும். இரவில் மாட்டுகிற எலியை ஃபஜ்ருக்கு முன் மோதினார் ஒரே அடியில் முடித்துவிடுவார். அந்தப் பையன் லுஹருக்கும் அஸருக்கும் தானாகவே வந்து கூண்டைப் பார்க்கிறான். இதுவரை இரண்டு அணில்களை விட்டிருக்கிறான். கணக்கு அவனிடம்தான் இருக்கிறது, என்னிடம் இல்லை.

ஜமாஅத்தார்களே! வருகிற செவ்வாய்க்கிழமை கஞ்சி அரிசி வந்துவிடும். இந்த வருடம் மூட்டைகளைத் தரையில் அடுக்கப் போவதில்லை. மூடியுள்ள தகர டிரம் எட்டு தேவைப்படுகிறது. மூன்று வந்துவிட்டது, மீதியை ஏற்றுக்கொள்ள விரும்புபவர்கள் முத்தவல்லியிடம் சொல்லுங்கள். வென்டிலேட்டருக்குக் கம்பி வலை அடிக்க நாளை அஸருக்குப் பிறகு இரண்டு இளைஞர்கள் வேண்டும். ஏணி பள்ளியிலேயே இருக்கிறது. கூரைத் தட்டியில் ஒரு பலகையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி இந்த வருடம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். வலை அடிப்பதற்கு முன்னால் அதைக் கழற்றி, டார்ச் அடித்து, உள்ளே கூடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குட்டிகள் இருந்தால் வலையை ஷவ்வாலில் அடித்துக்கொள்ளலாம்.